பழைய டிவி கேம் பேஸ்பாலும் சின்ன லீக் மைதானமும்

கேள்வி: "சின்ன வயசுல ஆடுன கன்சோல் கேமெல்லாம் தேடிப் புடிச்சு வாங்கி திரும்ப ஆடிப் பாத்தேன். பத்து நிமிஷத்துல போரடிச்சிடுச்சு. ஞாபகத்துலயே விட்டுருக்கலாம்னு தோணுது. யாராச்சும் நெஜமாவே ரசிச்சு ஆடுறீங்களா, இல்ல எல்லாரும் சும்மா சொல்றீங்களா?"

6 ஏப்ரல் 2025

நான் ரசிச்சுத்தான் ஆடுறேன். ஆனா அதுக்கு ஒரு வழி இருக்கு. கேம மட்டும் எடுத்து ஆடாதீங்க. அந்த கேம் எந்த விளையாட்டப் பத்தினதோ அத நேர்ல, அதுவும் சின்ன மைதானத்துல உக்காந்து பாத்துட்டு வந்து ஆடுங்க. எனக்கு அது பேஸ்பால்.

1996, திண்டுக்கல். பெரியப்பா வீட்ல ஒரு டிவி கேம் வாங்குனாங்க, கேசட்டு மேல 9999999 இன் 1னு போட்டிருக்கும், உள்ள போனா ஒரு முப்பது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதுல ஒண்ணு பேஸ்பால். எங்க யாருக்கும் ரூல் தெரியாது. கிரிக்கெட் மாதிரிதான்னு நாங்களே முடிவு பண்ணி ஆடுனோம். டீமுக்குப் பேரு கிடையாது, வெறும் எழுத்து, நான் எப்பவும் T, பெரியப்பா மகன் (எனக்கு நாலு வயசு மூத்தவரு) G.

ஒருநாள் என் ஆளு பந்த தூக்கி அடிச்சான். அவங்க புடிச்சாங்க. சரி, அவுட்டு. ஆனா புடிச்ச கையோட பந்த முதல் பேஸுக்கு (ஓடுறவன் வரிசையா தொட வேண்டிய நாலு எடத்துல மொதது) எறிஞ்சாங்க, அங்கருந்து ஏற்கனவே ஓடிப் போயிருந்த என் இன்னொரு ஆளும் அவுட்டு! ஒரு பந்துல ரெண்டு பேரு. நான் ஒத்துக்கவே இல்ல. அண்ணன் ஏதோ பட்டன அமுக்கி ஏமாத்துறாருன்னு சொன்னேன், அவரு கேசட்டுல கோளாறுன்னாரு, நான் ஜாய்ஸ்டிக்க தூக்கி எறிஞ்சேன், வயரு அத்துடுச்சு. பெரியம்மா ரெண்டு பேரையும் மொத்துனாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் அந்த வீட்டுப் பக்கமே நான் போகல.

அந்த ரெண்டாவது அவுட்டு ஏன்னு எனக்குப் புரிஞ்சது 2014ல, அமெரிக்காவுல, டர்ஹம்ல. அத அடுத்து எழுதுறேன், இப்ப ஆபீஸ் கால் ஒண்ணு இருக்கு.

9 ஏப்ரல் 2025

வேலை விஷயமா நார்த் கரோலைனா வந்த புதுசு. டீம்ல ஒருத்தரு டர்ஹம் புல்ஸ் மேட்ச்சுக்கு வர்றியான்னு கூப்பிட்டாரு. அது மேஜர் லீக் (அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்) இல்ல, அதுக்கு ஒரு படி கீழ இருக்கற டிரிப்பிள் ஏ, டாம்பா பே ரேஸ் டீமோட கிளை. 1995ல தொறந்த மைதானம், சுமார் பத்தாயிரம் பேரு உக்காரலாம். லெஃப்ட் ஃபீல்டுல 32 அடி ஒசர நீலச் சுவரு, அதுக்கு மேல ஒரு பெரிய காளை. ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சா காளை கண்ணு செவக்கும், மூக்குல பொக வரும், வாலு ஆடும். பந்து காளை மேல பட்டா ஸ்டேக் பரிசு, கீழ புல்லு மேல பட்டா சாலட் பரிசுன்னு அதுலயே எழுதிருக்கும். மொதக் காளை 1988ல வந்த புல் டர்ஹம் படத்துக்காக பழைய மைதானத்துல வச்சது, மக்களுக்கு அது புடிச்சுப் போயி டீமோட அடையாளமாவே ஆயிடுச்சு.

எங்களுக்கு முதல் பேஸ் பக்கம் சீட்டு. பக்கத்துல ஒரு பெரியவரு மடில நோட்டு வச்சு ஸ்கோர் எழுதிட்டிருந்தாரு. மூணாவதோ நாலாவதோ இன்னிங்ஸ், முதல் பேஸ்ல ஒரு ஆளு நிக்கறான். பேட்டர் சென்டர் ஃபீல்டுக்கு தூக்கி அடிச்சான். இது விழுந்துடும்னு நெனச்சு பேஸ்ல நின்னவன் பாதி தூரம் ஓடிட்டான். சென்டர் ஃபீல்டர் பாஞ்சு வந்து புடிச்சான், புடிச்சதும் எழுந்து முதல் பேஸுக்கு ஒரே எறி. ஓடுனவன் திரும்பி வர்றதுக்குள்ள அவுட்டு.

அப்படியே திண்டுக்கல்! நான் எழுந்தே நின்னுட்டேன். பெரியவருகிட்ட ஏன் ரெண்டாவது ஆளும் அவுட்டுன்னு கேட்டேன். நோட்டக் காட்டுனாரு, F8, பக்கத்துல 8-3ன்னு எழுதிருந்தாரு. எட்டுன்னா சென்டர் ஃபீல்டர், மூணுன்னா முதல் பேஸ்மேன். பந்த புடிச்சிட்டா ஓடுனவன் தன் பேஸுக்குத் திரும்பி வந்து அதத் தொட்டுட்டுத்தான் மறுபடி ஓடணும், வர்றதுக்குள்ள பந்து பேஸுக்கு வந்துட்டா அவனும் அவுட்டுன்னாரு.

கிரிக்கெட் பழகுன மூளைக்கு இது ஏன் புரியலன்னா, நம்ம ஆட்டத்துல கேட்ச் புடிச்ச உடனே பந்து செத்துடும். எதிர் முனைல நிக்கறவன அப்ப ரன் அவுட் பண்ண முடியாது. பேஸ்பால்ல கேட்சுக்கு அப்புறமும் பந்துக்கு உசுரு இருக்கு. அவ்ளோதான் வித்தியாசம். கேசட்டுல கோளாறே இல்ல, அண்ணனும் ஏமாத்தல.

அன்னிக்கு ராத்திரியே திண்டுக்கல்லுக்கு போன் போட்டேன், அங்க காலைல. எல்லாம் கேட்டுட்டு அண்ணன் சொன்னது: "பதினெட்டு வருஷம் கழிச்சு இதுக்கா கூப்பிட்ட? வயருக்கு முப்பது ரூவா குடுத்தேன்டா, அத மொதல்ல அனுப்பு."

12 ஏப்ரல் 2025

ஒரு திருத்தம். T, G எழுத்தெல்லாம் அமெரிக்க டீமுங்கன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன், T டெக்சஸா இருக்கும்னு. தப்பு. அது நின்டெண்டோ 1983ல ஜப்பான்ல தன்னோட ஃபேமிகாம் கன்சோலுக்கு விட்ட பேஸ்பால். C, D, G, S, T, W ஆறும் ஜப்பான் சென்ட்ரல் லீக் டீமுங்க, கார்ப், டிராகன்ஸ், ஜயன்ட்ஸ், ஸ்வாலோஸ், டைகர்ஸ், வேல்ஸ். அமெரிக்காவுல வித்த கேசட்டுல A, C, D, P, R, Yன்னு மாத்திருக்காங்க. நம்ம ஊருக்கு வந்த காப்பி கேசட்டுல இருந்தது ஜப்பான் பதிப்பு. ஆக நான் ஆடுனது ஹான்ஷின் டைகர்ஸ், அண்ணன் யோமியுரி ஜயன்ட்ஸ். ஜப்பான்ல இந்த ரெண்டு டீமுக்கும்தான் பரம்பரைப் பக. யாரும் சொல்லிக் குடுக்காமலே சரியான சண்டையத்தான் போட்டிருக்கோம்.

27 ஏப்ரல் 2025

கேள்வி கேட்டவரு பத்து நிமிஷத்துல போரடிச்சுதுன்னு சொன்னீங்களே, எந்த டிவில ஆடுனீங்க? நான் முதல்ல ஆர்.பி.ஐ. பேஸ்பால் வாங்கி இப்ப இருக்கற தட்டை டிவில மாட்டுனப்ப எனக்கும் வெறுத்துப் போச்சு. பந்து வருது, பட்டன அமுக்குறேன், மட்ட லேட்டா சுத்துது. வயசாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன். காரணம் டிவி. அந்த கன்சோல் செகண்டுக்கு 60 படம் காட்டுது, ஒரு படம் சுமார் 16.7 மில்லி செகண்ட். புது டிவி அந்தப் பழைய சிக்னல வாங்கி, மாத்தி, பெருசாக்கிக் காட்டுறதுக்குள்ள நாலஞ்சு படம் போயிடும். பேட்டிங்ல அது போதும், பந்து தாண்டிடும்.

பழைய சாமான் விக்கிற கடைல ஒரு 20 இன்ச் பழைய டியூப் டிவி கெடச்சுது. வீட்ல திட்டு விழுந்துச்சு, எடம் அடைக்குதுன்னு. ஆனா மாட்டி ஆடுனதும், முதல் பந்தே மட்டைல படுற சத்தம் கேட்டுச்சு, கை தானா ஞாபகம் வச்சிருக்கு.

ஆர்.பி.ஐ. பத்தி தெரியாதவங்களுக்கு: நாம்கோ கம்பெனியோட ஃபேமிலி ஸ்டேடியம்ங்கற கேம வச்சு 1988ல டெங்கன்ங்கற கம்பெனி அமெரிக்காவுல விட்டது. எல்லாரும் குண்டு குண்டா ஒரே மாதிரி இருப்பாங்க, ஆனா பேரெல்லாம் நெஜ ஆட்டக்காரங்க பேரு, அதுவே அப்ப பெரிய விஷயம். செயின்ட் லூயிஸ் டீம்ல வின்ஸ் கோல்மேன்னு ஒருத்தன், முதல் பேஸ்ல நின்னான்னா ரெண்டாவது பேஸ எழுதி வச்சுக்கலாம். 10 ரன் வித்தியாசம் வந்துட்டா ஆட்டம் அங்கயே முடிஞ்சிடும். பிட்ச்சர் (பந்து போடுறவன்) எறிஞ்சதுக்கு அப்புறமும் பந்த அப்படி இப்படி வளைக்கலாம், நெஜத்துல யாராலயும் முடியாது, ஆனா இந்த ஒரு பொய்யாலதான் அந்த ஆட்டமே ரெண்டு பேரு மூளைக்கு நடுவுல நடக்குற ஆட்டமா ஆகுது. இன்னிக்கும் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்தா போதும், ரெண்டு மணி நேரம் போறது தெரியாது. தனியா ஆடுனா, ஒத்துக்கறேன், பத்து நிமிஷம்தான்.

28 ஏப்ரல் 2025

ஆர்.பி.ஐ. கருப்புக் கேசட்டான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. ஆமா, என்கிட்ட இருக்கறது கருப்பு. ஆனா முதல்ல நின்டெண்டோ அனுமதியோட சாம்பல் கேசட்டுல வந்துச்சு, அப்புறம் டெங்கன் சண்ட போட்டுட்டுப் பிரிஞ்சு தானே கருப்புக் கேசட்டுல வித்துச்சு. கன்சோலுக்குள்ள ஒரு பூட்டு சிப்பு இருக்கும், அனுமதி இல்லாத கேசட்ட ஓட விடாது. அதத் தாண்டுறதுக்கு டெங்கன்காரங்க அமெரிக்க பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்துல பொய்க் காரணம் சொல்லி நின்டெண்டோவோட நிரல் காப்பியவே வாங்கிட்டாங்க, கேஸ்ல அது அவங்களுக்கு எதிராப் போச்சு. நம்ம 9999999 இன் 1 ஞாபகம் வருது, என்ன, இங்க வக்கீல் வச்சு பண்ணிருக்காங்க.

18 மே 2025

ஆஷ்வில் போயிட்டு வந்தோம். மெக்கார்மிக் ஃபீல்டு, 1924ல இருந்து அங்க ஆட்டம் நடக்குது, மலைச்சரிவக் குடைஞ்சு வச்ச மாதிரி மைதானம், ஃபீல்டுக்குப் பின்னாடி மரம்தான். டீம் பேரு டூரிஸ்ட்ஸ். சொந்த ஊர்லயே டூரிஸ்ட்டுன்னு பேரு வச்சவங்க இவங்கதான். பேட்டர் நிக்கற எடத்துலருந்து ரைட் ஃபீல்டு கம்பம் 297 அடிதான், தொண்ணூறு மீட்டர், அதனால சுவர ரொம்ப ஒசரமாக் கட்டிருக்காங்க.

இத ஏன் சொல்றேன்னா, பழைய கேம்ல ஹோம் ரன் ரொம்ப ஈஸியா போகும், மைதானத்தச் சின்னதாப் போட்டு ஏமாத்துறாங்கன்னு நெனப்பேன். ஆஷ்வில்ல ஒரு எடதுகைப் பையன் சும்மா ஒரு தூக்கு தூக்குனான், ஃபீல்டர் பின்னாடி போயிட்டே இருந்தான், முதுகு சுவத்துல இடிச்சுது, பந்து மேல தாண்டிடுச்சு. வேற ஊரா இருந்தா அது சாதா கேட்சு. பேஸ்பால்ல மைதானத்துக்கு ஒரே அளவுன்னு கெடையாது, உள்பக்கம் பேஸுக்கு பேஸ் 90 அடிங்கற மாதிரி அளவுங்கதான் மாறாது, வெளிச்சுவரு அந்தந்த ஊரு நெலம், ரோடு, மலை பாத்து வச்சுக்கறதுதான். டர்ஹம்ல லெஃப்ட் 305 அடி, அதுக்கு ஈடா 32 அடி சுவரு. இது தெரிஞ்ச பிறகு கேம்ல போற ஹோம் ரன் எனக்கு உறுத்தறதே இல்ல.

1 ஜூன் 2025

"சின்ன லீக் ரெண்டாந்தர ஆட்டம்தானே, மேஜர் லீக் போக வேண்டியதுதானே"ன்னு ஒரு கருத்து வந்திருக்கு. இதுக்கு நான் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லுவேன்.

மேஜர் லீக்ல மூணாவது மாடில உக்காந்தா பெரிய ஸ்க்ரீனத்தான் பாப்பீங்க. இங்க முதல் பேஸ் கோச் "பேக், பேக்"னு கத்துறது காதுல விழும், ஷூ மண்ணு உரசுறது விழும். ஆட்டம் எப்படி நடக்குதுன்னு கத்துக்கணும்னா இங்கதான் வரணும். அப்புறம் நாளைக்கு பெரிய லீக்ல வரப்போறதெல்லாம் முதல்ல இங்கதான் வரும். பிட்ச்சர் இத்தன செகண்டுக்குள்ள எறியணும்னு கடிகாரம் வச்சாங்களே, 2015லயே டிரிப்பிள் ஏலயும் அதுக்கு ஒரு படி கீழ இருக்கற டபுள் ஏலயும் 20 செகண்ட் கடிகாரம் வச்சு சோதிச்சாங்க, 2022ல எல்லா சின்ன லீக்லயும் இன்னும் இறுக்கமா வச்சாங்க, சராசரியா ஒரு 25 நிமிஷம் கொறஞ்சுது, 2023ல மேஜர் லீக்குக்குப் போச்சு.

அதுக்கு முன்னாடி எவ்ளோ இழுத்திருக்குன்னு கேளுங்க. 1981 ஏப்ரல் 18, ரோட் ஐலண்ட்ல பாட்டக்கெட், மெக்காய் ஸ்டேடியம். பாட்டக்கெட்டும் ராச்செஸ்டரும். ராத்திரி ஆரம்பிச்ச ஆட்டம் மறுநாள் காலைல 4:07க்கு நிறுத்துறப்ப 32 இன்னிங்ஸ் முடிஞ்சிருக்கு, 2க்கு 2, மைதானத்துல மிச்சம் இருந்தது 19 பேரு. அந்தக் குளிர்ல. 21வது இன்னிங்ஸ்ல வேட் பாக்ஸ் ஒண்ணு அடிச்சு சமன் பண்ணி ஆட்டத்த நீட்டிட்டாரு. எதிர் டீம்ல கால் ரிப்கன். ரெண்டு பேருமே பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் (பெரிய ஆட்டக்காரங்களோட கௌரவப் பட்டியல்) போனவங்க. ஜூன் 23 அன்னிக்கு மறுபடி கூடுனாங்க, 18 நிமிஷத்துல 33வது இன்னிங்ஸ்ல பாட்டக்கெட் ஜெயிச்சுது. ரெண்டாந்தர ஆட்டத்துக்கு யாரு காலைல நாலு மணி வரைக்கும் உக்காந்திருப்பா?

இன்னொண்ணு, சம்பளம். டபுள் ஏக்கும் கீழ இருக்கற சிங்கிள் ஏல ஆடுற பையனுக்கு 2022ல வருஷத்துக்குக் கொறஞ்ச சம்பளம் 11,000 டாலர். சீசன் முடிஞ்சா வேற வேலைக்குப் போவாங்க. 2023ல முதல்முறையா சங்கம் மூலமா ஒப்பந்தம் போட்டு 26,200 ஆச்சு, டிரிப்பிள் ஏக்கு 35,800. 2021ல மேஜர் லீக் தன் கிளையா இருந்த 160 சின்ன டீம 120ஆ கொறச்சப்ப நாப்பதுக்கும் மேல ஊருல அந்த உறவு அத்துப் போச்சு. எனக்கு அது இன்னும் மனசுக்கு ஒப்பல.

2 ஜூன் 2025

நேத்து சம்பளம் எழுதிட்டு பேஸ்பால் ஸ்டார்ஸ் எடுத்தேன். 1989ல எஸ்.என்.கே. கம்பெனி விட்டது. நாமளே டீம் உருவாக்கி, பேரு வச்சு, மேட்ச் ஜெயிச்சா காசு வரும், அந்தக் காசப் போட்டு பிட்ச்சரோட வேகத்தயோ பேட்டரோட பலத்தயோ ஏத்தலாம், வேற ஆள வாங்கலாம், வேணாம்னா கழட்டியும் விடலாம். பெண்களயும் டீம்ல சேக்கலாம், 1989ல! முன்னாடி ஆடுறப்ப நல்லா ஆடாதவன யோசிக்காம தூக்கிட்டு அடுத்தவனப் போடுவேன். இப்ப முடியல. ஒன்பதாவதா வர்றவன் ஒருத்தன், ஓட்டமும் இல்ல, பலமும் இல்ல, அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமா காசு போட்டு ஏத்திட்டு வர்றேன்.

14 ஜூன் 2025

போச்சு. மொத்த டீமும் போச்சு.

பேட்டரி புதுசுன்னு சொல்லித்தான் வித்தாங்க. ரெண்டு வாரம் சேவ் ஆச்சு, இன்னிக்குப் போட்டா எல்லாம் காலி. அந்த ஒன்பதாவது ஆளு அப்பத்தான் மொத ஹோம் ரன் அடிச்சிருந்தான். வித்தவங்க பதில் போடல.

15 ஜூன் 2025

தொறந்து பாத்தேன். உள்ள இருந்தது பழைய பேட்டரியேதான். நாம சேவ் பண்ணதெல்லாம் அந்த ஒரு காசு அளவு பேட்டரில தொங்கிட்டு இருக்கு, கேசட்டுக்குள்ள இருக்கற சிப்புக்கு கரண்ட் நின்னா எல்லாம் அழிஞ்சிடும். சிஆர்2032, கால் வச்சது வாங்கி சால்டர் பண்ணேன். சாதா பேட்டரி மேல நேரா சால்டர் வைக்காதீங்க, சூட்டுல வெடிக்கும். மாத்த பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, நல்லாருக்கு. டீம முதல்லருந்து ஆரம்பிச்சிருக்கேன், அதே பேருங்க.

20 ஜூலை 2025

பிஎஸ்2ல நல்லது எதுன்னு கேட்டவருக்கு: எம்விபி பேஸ்பால் 2005. அதுல சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிப்பிள் ஏ எல்லாம் இருக்கு, ஓனரா இருந்து மைதானம் கட்டி டிக்கெட் வெலகூட நாமளே வைக்கலாம். அதுக்கப்புறம் லைசன்ஸ் வேற கம்பெனி கைக்குப் போயி மேஜர் லீக் எம்விபியே நின்னு போச்சு.

தலைப்பு கொஞ்சம் தள்ளிப் போகுது, ஆனா சொல்லாம இருக்க முடியல. டெக்சஸ்ல கிராண்ட் பிரைரின்னு ஒரு ஊரு. அங்க ஏர்ஹாக்ஸ்னு ஒரு தனி லீக் பேஸ்பால் டீமுக்கு 2008ல மைதானம் தொறந்தாங்க. டீம் மூடுச்சு. அந்த மைதானத்த மாத்திக் கட்டி 2023ல கிரிக்கெட் ஸ்டேடியம் ஆக்கிட்டாங்க, இப்ப அங்க டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆடுது, நம்ம சென்னைக்காரங்க டீம். மஞ்சச் சட்டையப் பாத்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஏர்ஹாக்ஸ் பாக்க வாராவாரம் வந்த ஒரு ஆளு இருந்திருப்பாருல்ல, மடில நோட்டு வச்சுக்கிட்டு. அவர நெனச்சா அந்த சந்தோஷம் முழுசா நிக்க மாட்டேங்குது.

24 ஆகஸ்ட் 2025

அண்ணன் வந்திருக்காரு! மகள இங்க யுனிவர்சிட்டில சேக்க வந்தாரு, மூணு வாரம் எங்க வீட்ல. போன வாரம் செபுலன் கூட்டிட்டுப் போனேன், கரோலைனா மட்கேட்ஸ். சிங்கிள் ஏ, 1991ல இருந்து ஹைவே ஓரத்துல வயக்காட்டு நடுவுல இருக்கற மைதானம். 2025தான் அங்க அவங்களுக்குக் கடைசி வருஷம், 2026 சீசன்லருந்து வில்சன் ஊருல, வேற பேரோட.

அண்ணனுக்கு ஹாட் டாக் இறங்கல, வீட்லருந்து கொண்டு போன முறுக்க பைலருந்து எடுத்து எடுத்து சாப்பிட்டாரு. முன் சீட்டு குட்டிப் பையனுக்கும் ஒண்ணு குடுத்தாரு. ஆறாவது இன்னிங்ஸ், முதல் பேஸ்ல ஆளு, பந்து மேல போச்சு. ஓடுறவன் ரெண்டடி வச்சு நின்னு மேலயே பாத்துட்டிருக்கான். நான் வாயத் தொறக்கல. அண்ணன் தமிழ்லயே கத்துறாரு: "டேய் திரும்புடா! புடிச்சிட்டாண்டா, திரும்பு!" அவன் திரும்பிட்டான், பந்து வந்தப்ப பேஸ் மேல நின்னுட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் டியூப் டிவில ஃபேமிகாம் கேசட்டு போட்டு ஆடுனோம். அவரு கேக்காமலே G எடுத்துக்கிட்டாரு. ரெண்டு மேட்ச் அவரு, ஒண்ணு நான். மக வந்து பாத்துட்டு இதுக்காப்பா டிவி இவ்ளோ குண்டா இருக்குன்னு கேட்டுட்டுப் போயிடுச்சு.

25 ஆகஸ்ட் 2025

கேசட்டத் தொறக்க எந்த ஸ்க்ரூ டிரைவர்னு மூணு பேரு கேட்டிருக்கீங்க. 3.8 மில்லிமீட்டர் கேம்பிட், சாதா ஸ்டார் ஏறாது. பின்னுல அழுக்கு இருந்தா வாயால ஊதாதீங்க, எச்சி ஈரம் பட்டு பின்னு கறுத்துப் போகும், காது குடையுற பஞ்சுல ஆல்கஹால் தொட்டுத் தொடச்சா போதும். இத அண்ணன்கிட்டயும் சொன்னேன். கேட்டுட்டு, ஊதிட்டுத்தான் போட்டாரு.